ஃபைல் இருக்கா... இல்லையா?

பரீட்சை ஹாலுக்குள் நுழைய ஹால் டிக்கெட் வேணும். ஹால் டிக்கெட் கைக்கு வர 75 சதவீத அட்டெண்டன்ஸ் வேணும். இதை நான் சொல்லியா உங்களுக்குத் தெரியணும்? 74-ல் தொங்கிக்கிட்டிருக்கிற நண்பனுக்காக ஹெச்.ஓ.டி. ரூம் வாசலில் தவம் கிடந்தவங்கதானே நீங்க! ஆனா, அந்த 74-ஐக் கணக்கு போட்டுச் சொல்றது யாருன்னு யோசிச்சிருக்கீங்களா? பல டிபார்ட்மென்ட்களில் ஒரு பழைய கம்ப்யூட்டர் இருக்கும். அதில் ஒரு எக்செல் ஷீட். ஷீட்டின் மூலையில் ஒரு பட்டன். பட்டனுக்குப் பின்னால் ஒரு மேக்ரோ. எழுதினவர் உங்களை மாதிரியே ஒரு ஃபைனல் இயர் பார்ட்டியாக இருப்பார். எழுதிக் கொடுத்துட்டு, பாஸ் அவுட் ஆகி, எங்கேயோ வேலையிலும் செட்டில் ஆகியிருப்பார். பட்டன் மட்டும் இன்னும் வேலை செஞ்சுக்கிட்டே இருக்கும்.

இந்த வாரம் அந்த மேக்ரோ கேட்க வேண்டிய முதல் கேள்வியைப் பார்ப்போம். 'நான் படிக்கப் போகிற டேட்டாபேஸ் ஃபைல், இருக்க வேண்டிய இடத்தில் இருக்கா?' 'ப்பூ, இதுக்கு ஒரு பக்கமா?' என்கிறவங்க ஒரு சின்னக் கணக்கு போட்டுட்டு அப்புறம் பேசுங்க.

செமஸ்டருக்கு 90 வேலை நாள். ஜூலை முதல் நவம்பர் வரை ஐந்து மாதம், மாதத்துக்கு 18 நாள் என்று வெச்சுக்குவோம். ஆபீஸ் அக்கா மாதத்துக்கு ஒன்றாக ஐந்து அக்சஸ் ஃபைல் வெச்சிருக்காங்க. பட்டனை அழுத்தினால், மேக்ரோ ஐந்தையும் வரிசையாகத் திறந்து, நீங்க வந்த நாட்களைக் கூட்டி, 90-ஆல் வகுத்து, 75-க்குக் கீழே இருக்கிறவங்களைச் சிவப்பில் காட்டும். நீங்க 81 நாள் வந்திருக்கீங்க. 90 சதவீதம். காலரைத் தூக்கி விட்டுக்கலாம்!

இப்போ, செப்டம்பர் ஃபைலை யாரோ தெரியாமல் வேற ஃபோல்டருக்கு இழுத்துப் போட்டுட்டாங்க. மேக்ரோ மிச்சம் நாலு ஃபைலை மட்டும் கூட்டுது. செப்டம்பரில் நீங்க வந்த 16 நாள் அம்பேல். 65-ஐ 90-ஆல் வகுத்தால் 72.2. சிவப்பு!

இதில் பயங்கரம் என்னன்னா, ஷீட்டைப் பார்த்தால் எந்தச் சந்தேகமும் வராது. ஒரு நாள்கூட லீவு போடாத படிப்ஸ் பார்ட்டிக்கு 80 காட்டும். 93 சதவீதம் வந்தவர் 74.4-ல் வந்து விழுவார். பூஜ்யம் கிடையாது, எர்ரர் கிடையாது, எல்லாமே நம்புற மாதிரியான நம்பர். 'இந்த பேட்ச் ரொம்பத்தான் கட் அடிச்சிருக்கு' என்று ஹெச்.ஓ.டி. சார் கையெழுத்து போட்டு நோட்டீஸ் போர்டில் ஒட்டிடுவார். நீங்க போய் 'சார், நான் ஒழுங்கா வந்தேன் சார்' என்றால், 'கம்ப்யூட்டர் சொல்லுதேப்பா' என்பார். அவர் மேலும் தப்பில்லை.

சரி, ஃபைல் இல்லைன்னா அக்சஸ் கத்தாதா? கத்தும். மேக்ரோவிலிருந்து இல்லாத ஒரு அக்சஸ் ஃபைலைத் திறக்கச் சொன்னால், 3024 என்ற நம்பரோடு 'ஃபைலைக் கண்டுபிடிக்க முடியலை' என்று எர்ரர் வரும். நல்ல பிள்ளை. ஆனா அந்த வாயை அடைக்க ஒரு வரி இருக்கு: 'ஆன் எர்ரர் ரெஸ்யூம் நெக்ஸ்ட்'. அதாவது, எது நடந்தாலும் கண்டுக்காதே, அடுத்த வரிக்குப் போ. டெமோ அன்னிக்கு எர்ரர் பெட்டி வந்து மானம் போயிடக் கூடாதேன்னு இந்த வரியை மேக்ரோவின் தலையில் எழுதி வைக்கிறவங்க நிறைய பேர். என்னைக் கேட்டால், ஸ்மோக் அலாரம் தொந்தரவா இருக்குன்னு அதன் பேட்டரியைக் கழற்றி டி.வி. ரிமோட்டில் போடுகிற புத்திசாலித்தனம் இது.

ஆகவே, திறப்பதற்கு முன்னாடியே கேட்டுடணும். எக்செல் மேக்ரோவில் அதற்கு மூன்றெழுத்து மந்திரம் ஒன்று உண்டு: டி.ஐ.ஆர். கறுப்புத் திரையில் டாஸ் கற்றுக்கொண்ட அண்ணன்மார்களுக்கு இந்தப் பெயரைக் கேட்டாலே கண் கலங்கும். ஃபைல்களைப் பட்டியல் போட அவங்க தட்டின அதே டி.ஐ.ஆர். மேக்ரோவில் அது ஒரு ஃபங்ஷன். அடைப்புக்குறிக்குள் டிரைவ், ஃபோல்டர், ஃபைல் பெயர் என்று முழுப் பாதையையும் கொடுத்தால், அந்த ஃபைல் இருக்கும்பட்சத்தில் அதன் பெயரைத் திருப்பித் தரும். இல்லைன்னா காலி. வெறும் ரெண்டு மேற்கோள் குறி, நடுவில் ஒண்ணுமே இல்லை. அதனால் 'டி.ஐ.ஆர். தந்தது காலியா?' என்று ஓர் இஃப் போட்டால் வேலை முடிந்தது.

முடிந்ததா? அங்கேதான் கதை!

பாதையை மேக்ரோவுக்குள்ளே எழுதாமல், ஷீட்டில் ஒரு கட்டத்தில் டைப் பண்ணி வெச்சிருக்கீங்க. நல்ல பழக்கம்தான். ஆனா யாரோ அந்தக் கட்டத்தை அழிச்சுட்டாங்க. இப்போ டி.ஐ.ஆருக்கு நீங்க கொடுப்பது காலிப் பாதை. 'இல்லை' என்று சொல்லணும் இல்லையா? சொல்லாது. அந்த நேரத்தில் எந்த ஃபோல்டரில் நிற்குதோ, அங்கே கண்ணில் பட்ட முதல் ஃபைலின் பெயரைத் தூக்கிக் கொடுக்கும். அது உங்க நண்பனோட பயோடேட்டாவாகக்கூட இருக்கலாம். உங்க இஃப்புக்கு அதெல்லாம் தெரியாது. பதில் காலியாக இல்லை, ஆகவே ஃபைல் இருக்கு! பாதை வெறும் ஃபோல்டர் பெயரோடு, கடைசியில் சாய்கோட்டோடு நின்று போனாலும் இதே கூத்துதான்.

அடுத்தது, நட்சத்திரக் குறி. 'செப்டம்பர்' என்று எழுதி, பின்னால் ஒரு நட்சத்திரம் போட்டால் அந்தப் பெயரில் தொடங்கும் எதுவும் ஓகே என்று அர்த்தம். வால் பெயர் டாட் எம்.டி.பி.யா, 2007-க்கு அப்புறம் வந்த டாட் ஏ.சி.சி.டி.பி.யா என்று ஞாபகம் இல்லாதவங்க இந்தக் குறுக்கு வழியில் போவாங்க. ஆனா ஓர் அக்சஸ் ஃபைலை யாராவது திறந்து வெச்சிருந்தால், பக்கத்திலேயே அதே பெயரில் ஒரு குட்டிப் பூட்டு ஃபைல் முளைக்கும். அதன் வால் எல்.ஏ.சி.சி.டி.பி. கம்ப்யூட்டர் பாதியில் ஆஃப் ஆகிட்டால் அந்தக் குட்டி அங்கேயே அநாதையாகக் கிடக்கும். அப்புறம் அசல் ஃபைலையே வேற இடத்துக்கு மாற்றினாலும், உங்க நட்சத்திரக் குறி பூட்டைப் பார்த்து 'வீடு இருக்கு' என்று சொல்லும்.

டி.ஐ.ஆரிடம் இன்னும் சில குணங்கள் உண்டு. மறைத்து வைத்த ஃபைலை, தனியாகச் சொன்னாலொழியப் பார்க்காது. நெட்வொர்க்கில் இருக்கிற சர்வர் கைக்கு எட்டாவிட்டால் 'இல்லை' என்று மரியாதையாகச் சொல்லாமல் 52 என்று எர்ரர் அடிக்கும். ஒரு ஃபோல்டரில் உள்ள ஃபைல்களை டி.ஐ.ஆரை வைத்து ஒவ்வொன்றாக எண்ணிக்கொண்டிருக்கும்போது, நடுவில் வேறொரு ஃபைலுக்காக அதையே கூப்பிட்டால் பழைய எண்ணிக்கையை மறந்துவிடும்.

இவ்வளவு முரண்டு பிடிக்கிறதே, வேற ஆள் இல்லையா? இருக்கார். 'ஃபைல்சிஸ்டம்ஆப்ஜெக்ட்' என்று நீளமான பெயர். அவரிடம் 'ஃபைல்எக்ஸிஸ்ட்ஸ்' என்று கேட்டால் ஆம் அல்லது இல்லை, ரெண்டே பதில். காலிப் பாதை கொடுத்தால் இல்லை. ஃபோல்டரைக் கொடுத்தால் இல்லை. நட்சத்திரம் செல்லாது. விண்டோஸில் எக்செல் பயன்படுத்துகிறவங்களுக்கு என் ஓட்டு இவருக்குத்தான். மேக் வைத்திருக்கும் பணக்கார நண்பர்களுக்கு இவர் கிடைக்க மாட்டார், ஸாரி!

ஆனா எந்த ஆளைக் கேட்டாலும், தப்பான முகவரி கொடுத்தால் தப்பான பதில்தான் வரும். 'என் கண்ணு முன்னாடி ஃபைல் இருக்கு, மேக்ரோ இல்லைங்குது' என்று லேப் அண்ணனிடம் புலம்புகிறவங்களில் பாதிப் பேருக்கு விஷயம் இதுதான். விண்டோஸ், தனக்குத் தெரிந்த ஃபைல்களின் வாலை மறைத்துத்தான் காட்டும், நீங்களாகப் போய் அதை மாற்றும்வரை. நீங்க பெயர் மாற்றும்போது பக்தியோடு வாலையும் சேர்த்து டைப் பண்ணியிருப்பீங்க. இப்போ ஃபைலுக்கு ரெண்டு வால். திரையில் ஒன்று, உள்ளே ரெண்டு. அதே ஃபைலை ரெண்டாவது தடவை டவுன்லோட் பண்ணினால் பெயரோடு அடைப்புக்குறிக்குள் ஒரு 1 ஒட்டிக்கும். பென் டிரைவ் நேற்று ஈ டிரைவ், இன்னிக்கு எஃப் டிரைவ். ஜிப்பைப் பிரிக்காமல் அதற்குள்ளேயே எக்செல் ஃபைலை டபுள் கிளிக் பண்ணினால், அது தற்காலிக ஃபோல்டர் ஒன்றில் தனியாகத் திறக்கும். டேட்டாபேஸ் கூட வராது. ஃபோல்டர் ஒன்டிரைவோடு இணைந்திருந்தால் இன்னும் வேடிக்கை. 'நான் எந்த ஃபோல்டரில் இருக்கேன்?' என்று மேக்ரோ கேட்டால், டி டிரைவ், சி டிரைவ் என்று வராமல் ஒரு நெட் முகவரி வந்து நிற்கலாம். அதைக் கொண்டு போய் டி.ஐ.ஆரிடம் கொடுத்தால் அது முழிக்கும்.

இதுவரை பார்த்ததெல்லாம் 'இருக்கா' என்ற கேள்வி. 'இல்லை' என்று பதில் வந்தால் என்ன செய்றீங்க? எனக்கு இதுதான் பெரிய கேள்வியாகப் படுது.

'இல்லைன்னா புதுசா ஒண்ணு உருவாக்கிடு!' ரொம்பப் பேர் எழுதுகிற பதில் இது. கேட்க உதவிகரமா இருக்கு இல்லையா? இப்போ பைத்தான் காலம். மினி ப்ராஜெக்ட் என்றாலே எஸ்க்யூலைட் டேட்டாபேஸ்தான். 2000-ல் பிறந்த எஸ்க்யூலைட் ஒரு தங்கம், அதில் சந்தேகமில்லை. முழு டேட்டாபேஸும் ஒரே ஃபைலில் அடங்கிடும். ஆனா இதற்கு ஒரு பழக்கம் உண்டு. இல்லாத ஃபைலைத் திறக்கச் சொன்னால், நீங்க தடுக்காத வரைக்கும், அதே பெயரில் காலியாக ஒன்றை உருவாக்கிக் கையில் கொடுத்துடும். ஃபைல் பெயரில் ஓர் எழுத்து மாறியிருந்தாலும் கோபப்படாது. அதோடு நீங்க ப்ரோக்ராமின் முதல் வரியில் 'டேபிள் இல்லைன்னா உருவாக்கு' என்றும் எழுதியிருந்தால், கடைசியாக வரக்கூடிய ஒரே எர்ரரும் காலி. புது ஃபைல், புது டேபிள், உள்ளே ஒரு மாணவர்கூட இல்லை. அடுத்த தடவை 'ஃபைல் இருக்கா?' என்று கேளுங்க. 'பேஷா இருக்கே!' என்று பதில் வரும். போலியை நாமே செய்து வெச்சுட்டு நாமே சாட்சி சொல்ற கதை.

இதற்கு மாற்று சுலபம். திறக்கும்போதே 'படிக்க, எழுத மட்டும், உருவாக்காதே' என்று ஆர்.டபிள்யூ. என்ற ரெண்டெழுத்து மோடைக் கொடுத்தால், ஃபைல் இல்லாதபோது எஸ்க்யூலைட்டும் கத்தும். புது டேட்டாபேஸ் உருவாக்குவது தனி பட்டனாக இருக்கட்டும், வருஷத்துக்கு ஒரு தடவை மனுஷனே அழுத்தட்டும்.

'இதெல்லாம் காலேஜ் ஆபீஸ் லெவல், பெரிய கம்பெனியில் இப்படி நடக்காது' என்று நினைக்கிறீங்களா? கிட்லேப் கதையைக் கேளுங்க. உலகம் பூரா ப்ரோக்ராமர்கள் தங்க கோடைச் சேமித்து வைக்கிற இடம் அது. 2017 ஜனவரி 31 ராத்திரி. ரெண்டு டேட்டாபேஸ் சர்வர்: ஒன்று அசல், மற்றொன்று நகல். நகல் பின்தங்கிப் போச்சு. அதைத் துடைத்துவிட்டுப் புதுசாக ஆரம்பிக்கலாம்னு ஓர் இன்ஜினீயர் டேட்டா ஃபோல்டரை அழிக்கிற கமாண்டைத் தட்டினார். தட்டினது அசல் சர்வரில். ஓரிரு நொடியில் சுதாரித்து நிறுத்தினார். அதற்குள் சுமார் 300 ஜிபியில் மிஞ்சியது 4.5 ஜிபி.

போகட்டும், பேக்கப் இருக்கே! தினமும் ஒரு பேக்கப் ஃபைல் எடுத்து, அமேசானின் எஸ்3 சேமிப்பில் போட்டு வைக்கிற ஏற்பாடு இருந்தது. போய்ப் பார்த்தால் அங்கே ஒரு ஃபைலும் இல்லை. காலி. டேட்டாபேஸ் போஸ்ட்கிரெஸ் 9.6, பேக்கப் எடுக்கிற ப்ரோக்ராம் ஓடினது 9.2-க்கான பதிப்பு. பதிப்பு ஒத்துப்போகாததால் ஒவ்வொரு தடவையும் எர்ரர். அந்த எர்ரரைச் சொல்ல மெயிலும் போச்சு. மெயிலில் முறையான கையொப்பம் இல்லை என்று மெயில் சர்வர் அதைத் திருப்பி அனுப்பிடுச்சு. அலாரம் அடிச்சது, யார் காதிலும் விழலை. 'அந்தச் சேமிப்பில் இன்னிக்குத் தேதி போட்ட ஃபைல் இருக்கா? அதன் சைஸ் என்ன?' என்று தினமும் ஒரு குட்டி ப்ரோக்ராம் கேட்டிருந்தால், முதல் நாளே குட்டு வெளிப்பட்டிருக்கும்.

அவங்க அதிர்ஷ்டம், அதே இன்ஜினீயர் வேறொரு சோதனைக்காகச் சுமார் ஆறு மணி நேரத்துக்கு முன்னாடி கையால் ஒரு நகல் எடுத்து வெச்சிருந்தார். அதிலிருந்துதான் மீட்டாங்க. மீட்பு வேலையை யூடியூபில் லைவாகவே காட்டினாங்க, அந்தத் துணிச்சலுக்கு ஒரு சல்யூட்! நடுவில் போன டேட்டாவில் சுமார் 5,000 ப்ராஜெக்ட்களும், 700 புதுப் பயனர் கணக்குகளும் அடக்கம். பின்னாடி வெளியிட்ட அறிக்கையில் அந்த இன்ஜினீயரின் பெயரைப் போடலை. பேக்கப்பை யார் சரிபார்க்கணும் என்று யாருக்குமே பொறுப்பு ஒதுக்கலை என்பதை ஒத்துக்கிட்டாங்க.

நம்ம பட்டனுக்குத் திரும்புவோம். முதலில், கூட்ட ஆரம்பிப்பதற்கு முன்னாடியே ஐந்து ஃபைலையும் கேட்டு முடிச்சுடுங்க. ஜூலை, ஆகஸ்ட்டைக் கூட்டிட்டு, செப்டம்பரில் வந்து 'ஐயோ இல்லையே' என்று நின்றால், பழைய பட்டியலும் அழிந்து புதுசும் பாதியில் தொங்கும். ஐந்தில் ஒன்று இல்லைன்னாலும் ஷீட்டில் ஒரு கட்டத்தைக்கூடத் தொடாமல் மேக்ரோ வெளியேறட்டும்.

'இருக்கு' என்று வந்தாலும் அப்படியே நம்பாதீங்க. 'ஃபைல்லென்' என்று கேட்டால் எத்தனை பைட் என்று சொல்லும். பூஜ்யம் வந்தால் அது வெறும் கூடு. 'ஃபைல்டேட்டைம்' கேட்டால் கடைசியாக எப்போ மாறினது என்று வரும். செப்டம்பர் ஃபைல் போன வருஷத் தேதி காட்டினால் நிமிர்ந்து உட்காருங்க. திறந்த பிறகு, 18 நாள் பதிவு இருக்கா என்று ஒரு எண்ணிக்கை. நீங்க கேட்ட நொடிக்கும் திறக்கிற நொடிக்கும் நடுவில் யாராவது ஃபைலை நகர்த்தலாம் என்பதால், 3024-ஐப் பிடிக்கிற வரியும் இருந்தே ஆகணும். முன்னாடி கேட்டோமே என்று அதை விட்டுடாதீங்க.

அப்புறம் மெசேஜ். 'எர்ரர் ஏற்பட்டது' என்று ஒரு பெட்டி, ஓகே பட்டன். இதைப் பார்த்து ஆபீஸ் அக்கா என்ன பண்ணுவாங்க? ஓகேவை அழுத்துவாங்க, வேற என்ன வழி! 'செப்டம்பர் ஃபைல் கிடைக்கலை. தேடின இடம் இது. பட்டியல் தயாரிக்கலை, பழைய பட்டியல் அப்படியே இருக்கு' என்று முழுப் பாதையோடு தமிழிலேயே எழுதுங்க. நீங்க பாஸ் அவுட் ஆகிப் போன பிறகு அந்த அக்காவுக்குத் துணையாக இருக்கப் போவது அந்த மூணு வரிதான்.

வைவாவுக்கு முந்தின நாள் ராத்திரி அரை மணி நேரம் ஒதுக்குங்க. டேட்டாபேஸை ஒரு நகல் எடுத்துட்டு, அசலின் பெயரை மாற்றி பட்டனை அழுத்துங்க. பாதை இருக்கிற கட்டத்தை அழிச்சுட்டு அழுத்துங்க. நோட்பேடில் காலியாக ஒரு ஃபைலை அதே பெயரில் சேமிச்சுட்டு அழுத்துங்க. பென் டிரைவைப் பிடுங்கிட்டு அழுத்துங்க. ஒவ்வொரு தடவையும் மேக்ரோ என்ன சொல்லுதுன்னு ஒரு தாளில் எழுதி, ரெக்கார்ட் நோட்டில் சொருகி வைங்க. எக்ஸ்டர்னல் அதைத்தான் முதலில் கேட்பார்.